மழையில்லாத பங்குனியில் காடு ஏன் தளிர்க்கிறது?

கேள்வி இது: "பங்குனி மாதம் மாஞ்சோலைக்கு மேலே உள்ள காட்டுக்குப் போயிருந்தோம். பல நாளாக மழை இல்லை. ஆனால் மரங்கள் எல்லாம் செக்கச்செவேல் என்று தளிர் விட்டிருந்தன. மழைக்காலத்தில்தானே செடிகொடிகள் நன்றாக ஒளிச்சேர்க்கை செய்யும்? மழை இல்லாத நேரத்தில் இவ்வளவு தளிர் எதற்கு?"

நல்ல கேள்வி. நீங்கள் கண்ணால் பார்த்ததும் பள்ளியில் படித்ததும் ஒத்துப்போகவில்லை, அதனால்தான் கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் பார்த்ததை நம்புங்கள். "மழை வந்தால் ஒளிச்சேர்க்கை கூடும், மழை நின்றால் குறையும்" என்பது வயலுக்கும் புல்வெளிக்கும் சரி. வருடம் முழுக்கப் பச்சையாக நிற்கும் வெப்பமண்டலக் காட்டுக்கு அது பாதி உண்மைதான். அங்கே மழைக்காலத்தில் தண்ணீருக்குப் பஞ்சமில்லை, வெளிச்சத்துக்குத்தான் பஞ்சம்.

முதலில் இலையிலிருந்து தொடங்குவோம். இலைக்கு மூன்று பொருள் வேண்டும்: ஒளி, தண்ணீர், காற்றிலிருக்கும் கரியமில வாயு. வாயு உள்ளே வரவேண்டுமானால் இலைத்துளைகள் திறந்திருக்க வேண்டும். அவை திறந்தால் நீராவி வெளியே போகும். ஒவ்வொரு நாளும் இலை இந்தக் கணக்கைப் போட்டுக்கொண்டேதான் இருக்கிறது. மண்ணில் ஈரம் இருந்து காற்றும் ஈரமாக இருந்தால் துளைகளைத் தாராளமாகத் திறக்கலாம். மண் காய்ந்தாலோ, காற்று வறண்டாலோ துளைகளைச் சுருக்கித்தான் ஆக வேண்டும். சுருக்காவிட்டால் தண்ணீரை மேலே இழுக்கும் மெல்லிய குழாய்களுக்குள் காற்றுக் குமிழி புகுந்துவிடும். கிணற்று மோட்டாரில் காற்று பிடித்துக்கொண்டால் தண்ணீர் ஏறாது இல்லையா, அதே நிலைமைதான். மரத்துக்கு அது கிளை காய்வதில் போய் முடியும், சில சமயம் மரமே சாகும்.

அடுத்தது ஒளி. மேகமில்லாத நண்பகலில் ஒரு சதுர மீட்டர் பரப்பில் வினாடிக்கு ஏறத்தாழ 2000 மைக்ரோமோல் (ஒளித்துகள்களை எண்ணும் அலகு) அளவு, ஒளிச்சேர்க்கைக்குப் பயன்படும் ஒளி விழுகிறது. காட்டின் உச்சியில் இருக்கும் ஒரு தனி இலைக்கு 500 முதல் 1000 வரை கிடைத்தாலே போதும், அதற்கு மேல் அதனால் பயன்படுத்த முடியாது. அப்படியானால் மேகம் வந்தால்தான் என்ன, பாதி வெளிச்சம் போனாலும் இலைக்குப் போதுமே என்று தோன்றும். பலரும் தடுக்கி விழும் இடம் இதுதான். கெட்டியான மழைமேகம் மூடினால் வெளிச்சம் பாதியாகக் குறைவதோடு நிற்காது, சில நூறுகளுக்குப் போய்விடும். அதோடு, காடு என்பது ஒரு அடுக்கு இலை இல்லை. மழைக்காட்டில் ஒரு சதுர மீட்டர் தரைக்கு மேலே ஐந்தாறு சதுர மீட்டர் இலை அடுக்கடுக்காக இருக்கும். உச்சி இலைக்கு வயிறு நிறைந்தாலும் அதற்குக் கீழே இருக்கிறவை எல்லாம் பசியோடுதான் நிற்கின்றன. ஒரு விஷயத்தில் மட்டும் மேகம் உதவுகிறது. அது ஒளியைச் சிதறடித்து எல்லாப் பக்கத்திலிருந்தும் அனுப்புவதால் நடு அடுக்கு இலைகளுக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கிடைக்கும். அதனால் ஒளி குறைகிற அளவுக்கு ஒளிச்சேர்க்கை குறையாது. ஆனாலும் மொத்தத்தில் குறையத்தான் செய்யும்.

இதை ஊகமாகச் சொல்லவில்லை, சோதித்தே பார்த்திருக்கிறார்கள். நடந்த இடம் பனாமா. பனாமா கால்வாய்க்காக சாக்ரெஸ் ஆற்றை மறித்து காதூன் ஏரியை உருவாக்கியபோது ஒரு மலையுச்சி மட்டும் தண்ணீருக்கு மேலே தீவாக நின்றது. அதுதான் பாரோ கொலராடோ தீவு. 1923 முதல் பாதுகாக்கப்பட்ட ஆய்வுக்காடு. இப்போது ஸ்மித்சோனியன் வெப்பமண்டல ஆய்வு நிறுவனத்தின் பொறுப்பில் இருக்கிறது. வெப்பமண்டலக் காடுகளைப் பற்றி இன்று நமக்குத் தெரிந்ததில் பெரும்பங்கு அந்தச் சின்னத் தீவிலிருந்தும் அதன் சுற்றுப்புறத்திலிருந்தும் வந்ததுதான். வருடத்துக்குச் சுமார் 2600 மில்லிமீட்டர் மழை. டிசம்பர் நடுவிலிருந்து ஏப்ரல் வரை வறண்ட காலம். மழைக்காலம், வெயில் காலம் இரண்டும் தெளிவாகப் பிரிந்திருப்பதால் உங்கள் கேள்விக்கு விடை தேட அதைவிட நல்ல இடம் கிடையாது.

அங்கே ஜோசப் ரைட்டும் அவருடன் இருந்தவர்களும் முதலில் கேட்டது இதைத்தான்: வறண்ட காலத்தில் மரங்கள் இலை உதிர்ப்பதும் தளிர்ப்பதும் தண்ணீரை வைத்தா? 1980களின் நடுவில் தொடங்கி ஐந்து வறண்ட காலங்களுக்கு, 2.25 ஹெக்டேர் அளவுள்ள இரண்டு காட்டுத் துண்டுகளுக்குத் தண்ணீர் பாய்ச்சினார்கள். கோடையே தெரியாத அளவுக்கு மண்ணை ஈரமாகவே வைத்திருந்தார்கள். இலை உதிர்வது நின்றுவிடும் அல்லது தள்ளிப்போகும் என்றுதான் யாரும் எதிர்பார்ப்பார்கள். பெரும்பாலான மரங்கள் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. தண்ணீர் பாய்ச்சாத இடத்து மரங்கள் எப்போது உதிர்த்தனவோ அதே சமயத்தில் இவையும் உதிர்த்தன, தளிர்த்தன. எனக்கு மிகவும் பிடித்த சோதனைகளில் இது ஒன்று. ஐந்து வருட உழைப்புக்குப் பிறகு "தண்ணீர் முக்கியக் காரணம் இல்லை" என்ற விடை வந்தது. அந்த விடைதான் மற்றவர்களின் பார்வையை வானத்தின் பக்கம் திருப்பியது.

அடுத்த சோதனை ஒளியைப் பற்றியது. பனாமா நகரத்தையொட்டி இருக்கும் காட்டுப் பூங்காவில் ஒரு கட்டுமான கிரேனை நிறுத்தியிருந்தார்கள். அதன் கூடையில் ஏறி மரத்தின் உச்சி இலைகளுக்கு நடுவே நின்று அளக்கலாம். எரிக் கிரஹாம் குழு அங்கே லூஹியா சீமானி என்ற மரத்தின் உச்சிக் கிளைகளுக்கு மேலே பெரிய விளக்குகளைத் தொங்கவிட்டது. மழைக்காலத்தில் மேகம் மூடும்போதெல்லாம் விளக்கு எரியும். மேகம் தின்றுவிடும் ஒளியை விளக்கு ஈடுகட்டும். வெளிச்சம் கிடைத்த கிளைகள் கூடுதலாகக் கரியமில வாயுவை எடுத்துக்கொண்டன, கூடுதலாக வளரவும் செய்தன. 2003இல் இது வெளிவந்தது. மழை கொட்டும் மாதங்களில் மரத்தின் வளர்ச்சியைப் பிடித்து நிறுத்துவது மேகம்தான் என்று நேரடியாகக் காட்டிய சோதனை அது.

இதெல்லாம் ஒரு தீவிலும் அதன் அக்கம்பக்கத்திலும் நடந்த கதைதானே என்று கேட்கலாம். அமேசானில் இதே கேள்வி பெரிய சண்டையாகவே போனது. அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

காட்டின் மூச்சை அளக்க ஒரு வழி உண்டு. மரங்களுக்கு மேலே உயரும் ஒரு கோபுரத்தை நட்டு, காற்று மேலும் கீழும் போகும் வேகத்தையும் அதிலிருக்கும் கரியமில வாயுவையும் வினாடிக்குப் பல முறை அளப்பார்கள். காடு வாயுவை உள்ளே இழுக்கிறதா, வெளியே விடுகிறதா என்று அதிலிருந்து தெரியும். பிரேசிலின் தபஜோஸ் காட்டில் இப்படி அளந்து ஸ்காட் சலெஸ்காவும் குழுவினரும் 2003இல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். காடு வறண்ட காலத்தில் கார்பனைச் சேர்க்கிறது, மழைக்காலத்தில் இழக்கிறது. அப்போதிருந்த கணினி மாதிரிகள் சொன்னது இதற்கு நேர் எதிர். (இதில் இன்னொரு காரணமும் கலந்திருக்கிறது. ஈரத்தில் தரையிலிருக்கும் சருகும் மரக்கட்டையும் வேகமாக மக்கி வாயுவை வெளியே விடும். காய்ந்தால் அது மந்தமாகிவிடும்.)

2006இல் செயற்கைக்கோள் படங்களை வைத்து ஆல்ஃபிரடோ ஹுவெட்டே குழு, வறண்ட காலத்தில் அமேசானின் பசுமை அளவு சுமார் 25 விழுக்காடு கூடுகிறது என்றது. அப்புறம் 2014இல் டக்ளஸ் மார்ட்டன் குழு குறுக்கே வந்தது. வருடத்தின் வெவ்வேறு மாதங்களில் சூரியன் வெவ்வேறு கோணத்தில் நிற்கிறது, அந்தக் கோணத்தைச் சரிசெய்து பார்த்தால் பசுமை கூடியதாகத் தெரிவது மறைந்துவிடுகிறது என்றார்கள். அப்படியானால் கோபுரம் அளந்தது பொய்யா? இல்லை. 2016இல் ஜின் வூ குழு கோபுரங்களில் கேமராவைப் பொருத்தி, மர உச்சிகளை மாதக்கணக்கில் பார்த்து முடிச்சை அவிழ்த்தது. மொத்த இலைப் பரப்பு வருடத்தில் பெரிதாக மாறுவதில்லை. மாறுவது இலையின் வயது. வறண்ட காலத்தில் மரங்கள் கிழட்டு இலைகளை உதிர்த்துவிட்டு அதே வேகத்தில் புதிய இலைகளை விடுகின்றன. தளிர் முதிர்ந்து திடமானதும் அதன் ஒளிச்சேர்க்கைத் திறன் உச்சத்தில் இருக்கும், பிறகு வயதாக ஆகக் குறையும். வறண்ட காலம் முடிகிறபோது காட்டின் கூரை முழுக்க இளமையான இலைகள். அதனால்தான் அதே அளவு இலையை வைத்துக்கொண்டு காடு கூடுதலாக வேலை செய்கிறது. இலைகளின் எண்ணிக்கையை மட்டும் பார்த்தவர்களுக்கு இது தட்டுப்படவே இல்லை.

சரி, அத்தனை வெயிலில் தண்ணீருக்கு எங்கே போகும்? ஆழத்துக்குப் போகும். டேனியல் நெப்ஸ்டட் குழு கிழக்கு அமேசானில் பரகொமினாஸ் என்ற இடத்தில் குழி தோண்டிப் பார்த்து, 18 மீட்டர் ஆழத்திலும் மரவேர் இருப்பதை 1994இல் எழுதியது. மழைக்காலத்தில் மண் குடித்து வைத்த தண்ணீரை வெயில் காலத்தில் வேர் எடுத்துக்கொள்கிறது. மழையும் ஒளிச்சேர்க்கையும் இப்படிச் சில மாத இடைவெளி விட்டுத்தான் சந்திக்கின்றன. மழைக்காலம் சேமிக்கும் காலம், வெயில் காலம் அந்தச் சேமிப்பை எடுத்துச் செலவழித்துச் சம்பாதிக்கும் காலம்.

ஆனால் சேமிப்பு தீர்ந்தால் தீர்ந்ததுதான். தபஜோஸ் காட்டில் ஒரு ஹெக்டேருக்கு மரங்களுக்குக் கீழே ஆயிரக்கணக்கான பிளாஸ்டிக் பலகைகளைக் கூரை போல அடுக்கி, மழைக்காலத்தில் தரைக்கு வரும் மழையில் பெரும்பகுதியைத் தடுத்துப் பார்த்தார்கள். முதல் சில ஆண்டுகள் பெரிய மரங்கள் தாக்குப்பிடித்தன. அப்புறம் சாக ஆரம்பித்தன, அதிலும் உயரமான பெரிய மரங்கள்தான் அதிகம். வெயிலில் அதிகம் நின்று அதிகம் தண்ணீர் குடித்துப் பழகியவை அவைதானே.

எவ்வளவு மழை இருந்தால் இந்தச் சேமிப்பு வறண்ட காலம் முழுக்கத் தாங்கும் என்பதற்கு ஒரு தோராயமான கணக்கு இருக்கிறது. உலகம் முழுவதுமுள்ள வெப்பமண்டலப் பசுமைக் காடுகளை ஆராய்ந்து கையு குவான் குழு 2015இல் சொன்ன அளவு, வருடத்துக்கு ஏறத்தாழ 2000 மில்லிமீட்டர். அதற்கு மேல் மழை பெறும் காட்டில் வறண்ட காலத்திலும் ஒளிச்சேர்க்கை குறையாமல் நடக்கிறது. அதற்குக் கீழே போனால் வறண்ட காலத்தில் தொய்ந்துவிடுகிறது. கோடு கிழித்த மாதிரி எடுத்துக்கொள்ளாதீர்கள். மண்ணின் ஆழம், வறட்சி எத்தனை மாதம் நீள்கிறது என்பதெல்லாம் சேர்ந்துதான் முடிவு செய்யும். ஆனால் எந்தக் காட்டைப் பற்றியும் யோசிக்கத் தொடங்க இது உதவுகிற எண்.

இதுவரை பேசியது உச்சி மரங்களைப் பற்றி. காட்டுத் தரையில் வாழ்க்கை முற்றிலும் வேறு. உச்சியில் விழும் ஒளியில் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்குதான் கீழே வரும். அங்கே வளரும் செடிகளின் இலை மெல்லியதாக, அகலமாக இருக்கும். மிகக் குறைந்த ஒளியிலும் செலவுக்கு மேல் கொஞ்சம் மிச்சம் பிடிக்கும்படி சிக்கனமாக மூச்சுவிடும். அவற்றின் உண்மையான வரும்படி வெயில் பொட்டுகள். இலைகளின் இடுக்கு வழியாக வட்ட வட்டமாகத் தரையில் விழுந்து நகருமே, அந்தப் பொட்டுகள். சில வினாடிகள், சில நிமிடங்கள்தான் ஒரு இலைமேல் நிற்கும். ஆனால் அடர்ந்த காட்டில் ஒரு செடிக்கு ஒரு நாளில் கிடைக்கும் ஒளியில் பாதிக்கு மேல் சில இடங்களில் இவற்றிலிருந்தே வருகிறது.

ராபர்ட் பியர்சியும் ராபின் சாஸ்டனும் இதை நுணுக்கமாக ஆராய்ந்தவர்கள். நெடுநேரம் இருட்டில் இருந்த இலைமேல் திடீரென்று வெயில் விழுந்தால் இலையால் உடனே முழு வேகத்தில் வேலை செய்ய முடியாது. துளைகள் திறக்க வேண்டும், உள்ளே நொதிகள் விழிக்க வேண்டும். அதற்குப் பத்திலிருந்து முப்பது நிமிடம் வரை பிடிக்கும். விறகடுப்பு பற்றிக்கொள்ள நேரமாகிற மாதிரி. ஆனால் ஒருமுறை பற்றிக்கொண்டால் கங்கு சீக்கிரம் அணையாது. அடுத்த பொட்டு கொஞ்ச நேரத்தில் வந்தால் இலை அதை உடனே பிடித்துக்கொள்ளும். ஆகவே மொத்தம் எவ்வளவு ஒளி என்பதோடு, அது எந்த இடைவெளியில் வருகிறது என்பதும் கணக்கு. மழைக்காலத்தில் மேகம் மூடினால் இந்தப் பொட்டுகளே இல்லாமல் போய்விடும்.

வறண்ட காலத்தில் இந்தச் சிறு செடிகள் ஒரு இக்கட்டில் மாட்டிக்கொள்கின்றன. மேலே சில மரங்கள் இலை உதிர்ப்பதால் வெளிச்சம் கூடும், ஆனால் இவற்றின் வேர் ஆழமில்லை. பாரோ கொலராடோவில் சைக்கோட்ரியா மார்ஜினாட்டா என்று ஒரு குறுஞ்செடி இருக்கிறது, காப்பிச் செடியின் குடும்பம். அது இந்த இக்கட்டுக்குக் கண்டுபிடித்த வழியை ஸ்டீபன் மல்கியும் கூட்டாளிகளும் 1990களின் தொடக்கத்தில் எழுதினார்கள். அந்தச் செடி இரண்டு வகை இலை விடுகிறது. மழைக்காலத் தொடக்கத்தில் வருவது மெல்லியது, தண்ணீரைத் தாராளமாகச் செலவழிப்பது. வறண்ட காலத்துக்குச் சற்று முன்னால் வருவது கனமானது, துளைகளைக் குறைவாகத் திறப்பது, ஒவ்வொரு துளித் தண்ணீருக்கும் கூடுதல் கார்பனைப் பிடிப்பது. மண்ணில் ஈரம் இருக்கும்போதே, வரப்போகும் வறட்சிக்கான இலையைச் செய்துவைத்துவிடுகிறது. முதன்முதலில் இதைப் படித்தபோது வெகுநேரம் வேறு எதையும் படிக்கத் தோன்றவில்லை எனக்கு.

மரக்கிளைகளில் தொற்றி வாழும் ஆர்க்கிட் போன்றவற்றுக்கு மண்ணே கிடையாது, மழை நின்ற சில மணி நேரத்தில் அவற்றுக்கு வறட்சிதான். அவற்றில் பல இரவில் துளையைத் திறந்து வாயுவை அமிலமாகச் சேமித்து, பகலில் துளையை மூடிக்கொண்டு சமைக்கின்றன. கள்ளியும் அன்னாசியும் செய்வது இதுவே. குளூசியா இனத்தில் சில மரங்கள் தண்ணீர் இருந்தால் சாதாரண முறை, காய்ந்தால் இரவு முறை என்று மாறிக்கொள்ளவும் செய்யும்.

இப்போது நம் மலைக்கு வருவோம். மேற்குத் தொடர்ச்சி மலையில், மாஞ்சோலை இருக்கும் அகத்தியமலைப் பக்கம் இரண்டு பருவமழையும் கிடைக்கும். வறண்ட காலம் இரண்டு மூன்று மாதம்தான். வடக்கே போகப்போக மொத்த மழை குறையாவிட்டாலும் வறண்ட காலம் நீண்டு ஏழு மாதம் வரை போகும். வெடிப்பலாவும் நாங்கும் சேர்ந்து நிற்கும் காடு தெற்கில்தான் செழிப்பாக இருப்பதற்கு இது முக்கியக் காரணம். நீங்கள் பார்த்த காடு 2000 மில்லிமீட்டர் கணக்கில் மேல்பக்கத்தில் இருக்கிறது. ஜூன் பிறந்தால் அங்கே மேகம் இறங்கி மலையை மூடிக்கொள்ளும், நாள் கணக்கில் சூரியன் தெரியாது. தெளிந்த வானம் என்றால் தை முதல் சித்திரை வரைதான். மண்ணுக்குள் வடகிழக்குப் பருவமழையின் ஈரம் இன்னும் இருக்கிறது. தளிர்விட இதைவிட நல்ல நேரம் அந்த மரங்களுக்கு வருடத்தில் கிடையாது.

முதுமலை இதற்கு மாறான உதாரணம். அங்கே இந்திய அறிவியல் கழகத்தைச் சேர்ந்த ராமன் சுகுமாரும் மற்றவர்களும் 1988இல் 50 ஹெக்டேர் அளவில் ஒரு நிரந்தர ஆய்வுத் திடலை அமைத்து ஒவ்வொரு மரத்தையும் எண்ணி வருகிறார்கள். ஒரே சரணாலயத்துக்குள் கிழக்கே முட்காடு, மேற்கே போகப்போக மழை கூடி ஈரமான இலையுதிர் காடு. அங்கே தேக்கும் வேங்கையும் கோடையில் மொட்டையாக நிற்கும். ஒளி கொட்டிக் கிடந்தாலும் தண்ணீர் இல்லாததால் கடையைச் சாத்திவிடுகின்றன. அங்கே மழைதான் முதலாளி.

ஆனால் இலையுதிர் மரங்களிலும் ஒரு அதிசயம் உண்டு. ஊரில் புங்கமரத்தைப் பார்த்திருப்பீர்கள். மாசியில் இலை கொட்டும். பங்குனியில் ஒரு துளி மழை இல்லாமல், கண் கூசும் பச்சையில் தளிர்க்கும். ஆசியப் பருவமழைக் காடுகளில் பல மரங்கள் இப்படி மழைக்கு ஒன்றிரண்டு மாதம் முன்பே தளிர்ப்பதை ஸ்டீபன் எலியட், பேட்ரிக் பேக்கர், ரோல்ஃப் போர்ஷர்ட் மூவரும் 2006இல் ஆராய்ந்து எழுதினார்கள். இலை உதிர்ந்ததும் நீர் இழப்பு நின்றுவிடுகிறது. ஆழத்திலிருக்கும் ஈரத்தை வைத்து அடிமரம் மெல்ல நிரம்புகிறது. மார்ச் 21ஐ ஒட்டிப் பகல் வேகமாக நீள்வது தளிர்க்கச் சொல்லும் அழைப்பாக இருக்கிறது. மழை வரும்போது இலை முதிர்ந்து தயாராக இருக்கும், முதல் ஈரத்தையே வீணாக்காது.

கடைசியாக அந்தச் சிவப்பு நிறம். நீங்கள் பார்த்த செக்கச்செவேல் தளிர் அப்போது ஒளிச்சேர்க்கை எதுவும் பெரிதாகச் செய்துகொண்டிருக்கவில்லை. பச்சையம் இன்னும் சேரவில்லை. நிழல் நிறைந்த காட்டு மரங்கள் பல, இலை முழு அளவுக்கு விரிந்து தடிக்கும் வரை பச்சையத்தையும் நைட்ரஜனையும் அதில் போடுவதில்லை. மெல்லிய தளிரைத்தான் பூச்சிகள் அதிகம் தின்னும். தின்றாலும் நஷ்டம் குறைவாக இருக்கட்டும் என்று முதலீட்டைத் தள்ளிப்போடுகின்றன. பாரோ கொலராடோவில் தாமஸ் குர்சாரும் ஃபிலிஸ் கோலியும் இதை அளந்து காட்டினார்கள். வறண்ட காலத்தில் பூச்சிகளும் குறைவு என்பது தளிர்விட இன்னொரு சாதகம்.

அடுத்த முறை பங்குனியில் போனால் ஒரே மரத்தைக் குறித்து வைத்துக்கொண்டு, சித்திரைக் கடைசியில் மறுபடி போய்ப் பாருங்கள். சிவப்பெல்லாம் வெளிறி, இளம்பச்சையாகி, கரும்பச்சையாகத் தடித்திருக்கும். தென்மேற்கு மேகம் வந்து மூடுவதற்கு அந்த மரத்துக்கு இன்னும் சில வாரம்தான் இருக்கும்.